240இசட்-ல எல்28 எஞ்சின் போடப் போறவங்க கவனத்துக்கு

கலிஃபோர்னியா பக்கம் பழைய டாட்சன் 240இசட் கார் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. "எல்24-ஐ இறக்கிட்டு 280இசட்எக்ஸ் எஞ்சின் ஏத்தித் தரேன், எல்லாமே அப்படியே உக்காந்துரும்"னு எந்த ஷாப்காரர் சொன்னாலும் அது உண்மைதான், உண்மையா இருக்கறதுதான் வில்லங்கமே. எல்24 (240இசட்-ல வந்த எஞ்சின்), எல்26, எல்28 (280இசட்எக்ஸ்ல வந்தது) எல்லாம் ஒரே எஞ்சின் குடும்பம், வெளிய இருந்து பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ள எதைப் போட்டு மூடினாங்கன்னு கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது.

என்னோடது 1971 மாடல், சொந்த எஞ்சின். அதாவது பானெட்டுக்கு அடியில ஒட்டியிருக்கற தகட்டுல இருக்கற நம்பரும் பிளாக்ல (சிலிண்டர் இருக்கற எஞ்சின் உடம்பு) அடிச்சிருக்கற நம்பரும் ஒண்ணு. எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிச்சதால அதைப் பத்திரமா எடுத்து வச்சுட்டு, ஓட்டறதுக்கு 1981-83 280இசட்எக்ஸ்ல வந்த எல்28 போடலாம்னு இருந்தேன். 2393 சிசி-ல இருந்து 2753 சிசி, போரும் (சிலிண்டர் விட்டம்) 83 மிமீ-ல இருந்து 86 ஆகுது, நல்ல வித்தியாசம் தெரியும். 1975 வரைக்கும் உள்ள வண்டிக்கு இங்க ஸ்மாக் டெஸ்ட்டும் (புகை சோதனை) கிடையாது, அதனால நிறைய பேர் பண்ற வேலைதான் இது.

ஷாப்ல பேசினது என்னன்னா எஃப்54 பிளாக், ஃபிளாட் டாப் பிஸ்டன் (தலை தட்டையா இருக்கறது), பி79 ஹெட் (பிளாக்குக்கு மேல மூடற பகுதி), கம்ப்ரஷன் (பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குதுங்கற விகிதம்) 8.8. இதை எஸ்டிமேட்லயே எழுதி வாங்கினேன், பழைய எஞ்சின் எனக்கே திரும்பி வரணும்னும் எழுதி வாங்கினேன். (இங்க சட்டப்படி வேலை கொடுக்கும்போதே கேட்டா கழட்டின பார்ட்ஸைத் திருப்பித் தரணும்.)

வண்டி வந்துச்சு, ஸ்டார்ட் ஆச்சு, சத்தம் எல்லாம் அருமை, ஆனா மேட்டுல ஏறும்போது பழைய எல்24 அளவுக்குக்கூட இழுவை இல்ல. கேட்டா கார்புரேட்டர் ட்யூனிங்னு சொன்னாங்க, அப்புறம் டைமிங்னு சொன்னாங்க, அப்புறம் ஃபோனே எடுக்கல. வேற ஊர்ல இந்த வண்டிகளையே காலம் பூரா பாத்த ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். அவர் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தாரு, ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி கம்மி. ரிங் தேஞ்சிருந்தா ஒண்ணு ரெண்டுல ஏத்த இறக்கம் இருக்கும், இப்படி ஒரே சீரா கம்மியா இருந்தா பிஸ்டனே வேறன்னு சொல்லிட்டு, ஸ்பார்க் ப்ளக் துளை வழியா சின்ன கேமராவை விட்டுக் காட்டினாரு. பிஸ்டன் தலை குழியா இருந்துச்சு. டர்போ மாடல்ல வர்ற பிளாக்கும் பிஸ்டனும்! அதோட கம்ப்ரஷன் 7.4 தான், டர்போ இருந்தாத்தான் அதுக்கு உயிர். அந்த பிளாக்லயும் எஃப்54னுதான் இருக்கும், டர்போக்கு வர்ற பி90 ஹெட்டை எடுத்துட்டு பி79-ஐ மேல மாட்டிட்டா ஹெட்ல ப்ளக் பக்கத்துல இருக்கற எழுத்தைப் பாக்கறவனுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். தெரியாம நடந்த தப்பு இல்ல இது, வேணும்னே பண்ணது.

இதைக்கூட விட்டுத்தள்ளலாம், பிஸ்டனை மாத்திக்கலாம். வீட்டுக்கு வந்து பலகை மேல இருந்த என் "பழைய எஞ்சின்" பிளாக்கைத் துடைச்சுட்டு, வலது பக்கம் பின்னாடி ஹெட்டுக்குக் கீழ இருக்கற நம்பரைப் பாத்தா எல்24தான், ஆனா என் நம்பர் இல்ல. எந்த வண்டியோடதோ. 810 மேக்ஸிமா செடான்லயும் இதே 2393 சிசி எஞ்சின் வந்துச்சு, ஸ்க்ராப் யார்டுல சல்லிசா கிடைக்கும். ஷாப்காரங்ககிட்ட நேர்ல கேட்டதுக்கு "எல்24 எல்24 தானே, என்ன வித்தியாசம்?"னாங்க. தகட்டு நம்பரோட சேர்ந்த எஞ்சின் இருக்கற 240இசட்-க்கு என்ன மதிப்புன்னு தெரியாமலா அதை எடுத்து வச்சுக்கிட்டாங்க? 50 வருஷம் ஒண்ணா இருந்த வண்டியையும் எஞ்சினையும் பிரிச்சுட்டாங்க, காசு கொடுத்து திரும்ப வாங்கற பொருளா அது?

பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர்ல (ரிப்பேர் ஷாப்களைக் கண்காணிக்கற மாநில அரசுத் துறை) புகார் கொடுத்திருக்கேன், எழுதி வாங்கின எஸ்டிமேட்தான் இப்போ என் கையில இருக்கற ஆதாரம். ஸ்மால் கிளெய்ம்ஸ் (சின்னத் தொகை வழக்கு) கோர்ட்லயும் போடப் போறேன், தனி ஆளுக்கு அங்க 12,500 டாலர் வரைக்கும் கேக்கலாம்.

நீங்க வண்டியை விடறதுக்கு முன்னாடி தகட்டையும் பிளாக் நம்பரையும் கட் பண்ணாம ஒரே வீடியோவா எடுத்துருங்க, பிளாக்ல கண்ணுக்குப் படாத இடத்துல ஒரு பஞ்ச் குறி போட்டு வைங்க, கடைசிப் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஆறு ப்ளக்கையும் கழட்டி கேமரா விட்டுப் பாருங்க, விட மாட்டேன்னு சொன்னா பணம் கொடுக்காதீங்க. இன்னொண்ணு, உங்க பழைய எல்24-ல இருந்த இ31 ஹெட்டையே ஃபிளாட் டாப் எல்28 மேல போடலாம்னு சில பேர் ஆசை காட்டுவாங்க, கம்ப்ரஷன் 10-க்கு மேல போயிரும், இங்க கிடைக்கற 91 ஆக்டேன் பெட்ரோல்ல நாக்கிங் (பெட்ரோல் கலவை தப்பா வெடிச்சுத் தட்டறது) வந்து பிஸ்டன் போயிரும்.

தெற்கு கலிஃபோர்னியால யாராவது "240இசட் ஒரிஜினல் எல்24, வண்டி இல்லாம எஞ்சின் மட்டும்"னு விக்கறதைப் பாத்தா பிளாக் நம்பரை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, தகட்டோட ஒத்துப் பாத்துட்டு உடனே பதில் சொல்றேன்.