4 ஜிபியிலிருந்து 12 ஜிபி: பழைய லேப்டாப்போடு மூன்று ஆண்டுகள்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். கடையில் இருப்பது 2015இல் வாங்கிய, ஐந்தாம் தலைமுறை இன்டெல் செயலியும் 4 ஜிபி ராமும் (வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) கொண்ட லேப்டாப். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, தள்ளிப்போட்ட சான்றிதழ், ஆதார் வேலைகளுக்கெல்லாம் ஆட்கள் வருவார்கள். அந்த நெரிசலில் ‘முனியசாமி’ என்று அடித்து முடித்தாலும் திரையில் ‘மு’ மட்டும் நிற்கும். மீதி எழுத்துகள் சற்றுப் பொறுத்து மொத்தமாக வந்து விழும். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ராம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும், ஹார்டு டிஸ்க் 100இல் நிற்கும். ராமில் இடம் இல்லாததால் விண்டோஸ் தரவை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாக இருந்தது.

காசு செலவில்லாத வழி என்று முதலில் பிரவுசரை மாற்றினேன். எட்ஜும் 2020 முதல் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மேல்தான் ஓடுகிறது என்பதால் குரோமை விட்டு அதற்குப் போனதில் பெரிய வேறுபாடு இல்லை. பயன்படுத்தாத டேப்களை ஐந்து நிமிடத்தில் உறங்க வைக்கும் அமைப்பு மட்டும் உதவியது. ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்த பின் விளம்பரம் மண்டிய தளங்கள் இலகுவாகத் திறந்தன. ஆனாலும் ஸ்கேனர் மென்பொருளையும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளையும் உடன் திறந்தால் பழைய கதைதான். என் கணக்கில் 4 ஜிபியில் பிரவுசர் மாற்றுவது சில மாதங்களுக்கான ஒட்டு வேலை.

ராம் வாங்கியதில் ஒரு முறை ஏமாந்தேன். கடைக்காரர் கொடுத்தது 1.5 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3 வகை. என் லேப்டாப்புக்கு வேண்டியதோ 1.35 வோல்ட் டிடிஆர்3எல். இரண்டுக்கும் 204 பின்கள்தான், வெட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பதால் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. திரை மட்டும் எழவே இல்லை. மாற்றி வாங்கிய 8 ஜிபியைப் பழைய 4 ஜிபியோடு போட்டதும் அடிக்கிற எழுத்து அடித்தவுடன் வந்தது. அளவு வேறுபட்டாலும் இன்டெல் செயலி முதல் 8 ஜிபியை இரட்டைச் சேனலாகவும் (இரண்டு ராமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வேகமான முறை) மீதியை ஒற்றைச் சேனலாகவும் கையாண்டுகொள்கிறது.

இரண்டாம் ஆண்டு ஆடிக்காற்றில் திரை மீண்டும் இருண்டது. ராம் போய்விட்டதென்றே நினைத்தேன். கழற்றிப் பார்த்தால் பொன்னிறப் பட்டைகளில் உப்புக்காற்றின் மங்கல் படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துப் போட்டதும் எழுந்துகொண்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் ராமைக் குறைசொல்லும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

இப்போது இருபது டேப் திறந்திருந்தாலும் தடுமாற்றம் இல்லை. பிரவுசர் எது என்பதே அன்றாடத்தில் மறந்துபோகிறது. காலையில் லேப்டாப் எழும் நேரம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை, அது ஹார்டு டிஸ்கின் வேகத்தைப் பொறுத்தது. இன்றும் பொத்தானை அழுத்திவிட்டு வாசலைக் கூட்டி முடித்து வந்தால்தான் திரை தயாராக இருக்கிறது.