லேசர் டிரைவர் போர்டு வாங்கியவர்களுக்கு: டயோடை இணைக்கும் முன் அளந்துவிடுங்கள்

இணையக் கடை ஒன்றில் மூன்று லேசர் டிரைவர் போர்டுகள், அதாவது லேசர் டயோடுக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்கும் சிறு சுற்றுப் பலகைகள், வாங்கினேன். முதல் நாளே ஒரு நல்ல டயோடு போய்விட்டது. உள்ளீட்டு மின்னோட்டத்தை நான் தவறாகக் கணக்கிட்டதுதான் காரணம் என்கிறார் விற்றவர். கணக்கை அப்படியே வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

உள்ளீட்டு முனையில் பாய்வதைப்போல் 100 மடங்கு மின்னோட்டம் லேசருக்குப் போகும் என்றது அவர் தந்த தாள். என் சிவப்பு டயோடுக்கு 40 மில்லிஆம்பியர் வேண்டும். 50-ஐத் தாண்டக் கூடாது. ஆக உள்ளீட்டுக்கு 0.4 போதும். 5 வோல்ட்டை அதனால் வகுத்தால் 12.5 கிலோஓம். சிப்புக்குள்ளேயே உள்ளீட்டு முனையில் 500 ஓம் இருக்கிறது. பலர் கோட்டைவிடும் இடம் இது. அதைக் கழித்து, வெளியே 12 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தேன்.

மின்சாரம் கொடுத்ததும் சுவரில் கூர்மையான சிவப்புப் புள்ளி விழுந்தது. மறு நொடியே அது மங்கி, சாதாரண எல்இடி வெளிச்சம்போல் பரவி நின்றது. மிகை மின்னோட்டத்தில் ஒளி வெளிவரும் முகப்பு கருகினால் இப்படித்தான் ஆகும். அந்த டயோடு இனி தேறாது.

அதன்பின் லேசருக்குப் பதிலாக மூன்று சாதாரண ரெக்டிஃபையர் டயோடுகளையும் 1 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்தேன். மூன்று டயோடுகளும் சேர்ந்தால் சுமார் 2.1 வோல்ட், ஏறக்குறைய சிவப்பு லேசரின் அளவு. ரெசிஸ்டரின் குறுக்கே வரும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். ஒரு போர்டு 40 காட்டியது. மற்ற இரண்டும் 100! அவற்றில் இருப்பது 250 மடங்கு சிப். உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தபோது, பழைய எழுத்தை உப்புத்தாளால் தேய்த்த கீறல்களும் மேலே புதிதாக அச்சிட்ட எண்ணும் தெரிந்தன.

படங்களையும் அளவுகளையும் விற்றவருக்கு அனுப்பினேன். "நிலைமின்சாரம் பட்டிருக்கும்" என்றார். நிலைமின்சாரத்தை உடலிலிருந்து தரைக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டை அணிந்துதான் வேலை செய்தேன் என்றதும், சால்டர் செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று முடித்துக்கொண்டார். இது கவனக்குறைவு அல்ல, ஏமாற்று. அந்த வெளிச்சம் கண்ணில் பட்டிருந்தால் யார் பொறுப்பு?

உங்கள் போர்டும் இதே சோதனையில் 100 காட்டினால் 12 கிலோஓமை எடுத்துவிட்டு 33 கிலோஓம் வையுங்கள். சுமார் 37 மில்லிஆம்பியர் வரும். அதையும் அளந்த பிறகே லேசரை இணையுங்கள்.