வால் மியூரல் போடறவங்ககிட்ட நிஜ சைஸ்ல பிரிண்ட் சாம்பிள் பாக்காம காசு குடுத்துடாதீங்க

ஹால்ல ஒரு சுவர் மட்டும் முழுக்க படம் பிரிண்ட் பண்ணி ஒட்டி (அதான் வால் மியூரல்) தனியா தெரியணும், உள்ள யார் வந்தாலும் கண்ணு முதல்ல அங்கதான் போகணும்னு ஆசைப்படறவங்களுக்காக இத எழுதறேன். கம்பெனி பேர் போடல. விசாரிச்சு பாத்ததுல இதே வேலைய இதே மாதிரி பண்றவங்க நிறைய பேர் இருக்காங்கன்னு தெரியுது, ஒரு பேர் போட்டா அவங்ககிட்ட மட்டும் உஷாரா இருந்துட்டு அடுத்தவர்கிட்ட போய் மாட்டுவீங்க.

எங்களுக்கு வேண்டியது ரொம்ப சிம்பிள். சோபாவுக்கு பின்னாடி இருக்கற 12 அடிக்கு 9 அடி சுவர் முழுக்க பனிமூட்டம் மூடுன ஒரு காடு, மத்த மூணு சுவரும் வெறும் வெள்ளை. வந்தவர் டேப்லெட்ட எடுத்தாரு, எங்க சுவர ஒரு போட்டோ, தட்டுனாரு, எங்க சோபா எங்க ஃபேன் எல்லாம் அப்படியே இருக்க பின்னாடி காடு வந்து நிக்குது. வீட்ல எல்லாருக்கும் வாய் பிளந்துருச்சு. அந்த இடத்துலதான் வியாபாரமே முடியுது, அதுக்கப்புறம் நடக்கறதெல்லாம் வெறும் கையெழுத்து. கையகல ஸ்கிரீன்ல எந்த படமும் ஷார்ப்பாதான் தெரியும், அது உங்க சுவர்ல எப்படி இருக்கும்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சாம்பிள் காட்டுங்கன்னு கேட்டேன். கேட்டலாக்க நீட்டுனாரு. தடிமனா, நல்ல டெக்ஸ்சரோட, சூப்பரா இருந்துச்சு. ஆனா அது மெட்டீரியல் சாம்பிள், அதுல இருந்தது அவங்க வெச்சிருந்த வேற ஏதோ படம். நீங்க செலக்ட் பண்ண படம் நீங்க சொன்ன அளவுக்கு பெருசாகும்போது எப்படி இருக்கும்னு அந்த கேட்டலாக் சொல்லவே சொல்லாது. இத கேட்டா "மேடம், கஸ்டம் ஆர்டர், பிரிண்ட் போட்டாதான் தெரியும், போட்டுட்டா ரிட்டர்ன் கிடையாது, அதனால முக்கால்வாசி அட்வான்ஸ்"னு ஒரே மூச்சுல முடிச்சாரு. அவங்களுக்கு ரிஸ்க்கே இல்லாத மாதிரி எவ்ளோ அழகா பேசி வெச்சிருக்காங்க பாருங்க.

ஒட்டி முடிச்சப்ப வாசல்ல இருந்து பாத்தா ஓகே. சோபா கிட்ட வந்தா மரமே இல்ல, பச்சையும் சாம்பலுமா கட்டம் கட்டமா இருக்கு. போன் போட்டா "அது வாட்டர்கலர் எஃபெக்ட் மேடம், பனிமூட்டம்ல அப்படித்தான் இருக்கும்"ங்கறாரு. ஒரிஜினல் ஃபைல அனுப்புங்கன்னு விடாம கேட்டதுல அவங்க ஸ்டாஃப் யாரோ டாக்குமென்ட்டா அனுப்பி விட்டுட்டாங்க (பாவம் திட்டு வாங்கியிருப்பாங்க). தெறந்து பாத்தா 1920க்கு 1080 பிக்சல். கம்ப்யூட்டர்ல டெஸ்க்டாப் பேக்ரவுண்டா வெக்கிற சைஸ்.

இந்த கணக்க மட்டும் கொஞ்சம் பொறுமையா படிங்க, ஸ்கூல் கணக்குதான். 9 அடி உயரம்னா 108 இன்ச். 1080 பிக்சல 108 இன்ச்ல பரப்புனா ஒரு இன்ச்சுக்கு வெறும் 10 பிக்சல், அதாவது ஒவ்வொரு பிக்சலும் ரெண்டரை மில்லிமீட்டர் கட்டமா சுவர்ல தெரியும். கிட்ட நின்னு பாக்கற சுவருக்கு நிஜ சைஸ்ல இன்ச்சுக்கு 100 பிக்சலாவது வேணும், 150 இருந்தா இன்னும் நல்லது. பத்திரிகை பிரிண்டுக்கு கேக்கற 300 எல்லாம் சுவருக்கு தேவையில்ல, அத சொல்லி யாராவது பில்ல ஏத்துனா அதையும் நம்பாதீங்க. எங்க சுவருக்கு 100ன்னு வெச்சா 14,400க்கு 10,800 பிக்சல் வேணும். பக்கத்துல கூட வரல இவங்க போட்டது. பெருசாக்கறதுக்குன்னே சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கு, ஓரளவுக்கு ஒப்பேத்தும், அதக்கூட பண்ணாம அப்படியே இழுத்து விட்டிருக்காங்க.

இதுக்கு மேல கூத்து பெட்ரூம்ல. ஹால் சுவரோட அந்தப்பக்கம்தான் பெட்ரூம், அதே அளவு சுவர், அங்க கஸ்டம் பிரிண்ட் வேணாம், ரெடிமேட் ரோல் போதும்னு பெரிய பெரிய இலை டிசைன் எடுத்தோம். அந்த வகை ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், சுமார் 10 மீட்டர் நீளம், அஞ்சு சதுர மீட்டர் சொச்சம் வரும். சுவர் பத்து சதுர மீட்டர், அதனால ரெண்டு ரோல் போதும்னு எழுதுனாரு. கேக்க சரியாதான் இருக்கும். ஆனா டிசைன் 64 சென்டிமீட்டருக்கு ஒரு தடவ திரும்ப வருது, பக்கத்து பட்டையோட (மேல இருந்து கீழ வரைக்கும் ஒட்டற நீள துண்டுதான் பட்டை) இலைக்கு இலை சேரணும்னா ஒவ்வொரு பட்டைக்கும் அஞ்சு முழு டிசைன், அதாவது 3.2 மீட்டர் வெட்டணும், ஒரு ரோல்ல மூணு பட்டைதான் தேறும், சுவருக்கு ஏழு பட்டை வேணும். ஆக மூணு ரோல். ரெண்டு ரோல்ல ஆறு பட்டை ஒட்டி, ஒரு ஓரத்துல வெறும் சுவர விட்டுட்டு போயிட்டாங்க, அப்புறம் நாள் கடத்தி கொண்டு வந்த மூணாவது ரோல் வேற லாட். லேபிள்ல லாட் நம்பர்னு ஒண்ணு இருக்கும், ஒரே தடவையா அச்சடிச்ச ரோலுக்கெல்லாம் ஒரே நம்பர், ஒரே டிசைன் ஒரே கோட் நம்பரா இருந்தாலும் லாட் மாறுனா கலர் லேசா மாறும், கைல வெச்சு பாத்தா தெரியாது, சுவர்ல பக்கத்து பக்கத்துல ஒட்டி லைட் போட்டா பளிச்சுனு தெரியும். இப்ப எங்க பெட்ரூம்ல கடைசி பட்டை மட்டும் பழுத்த இலை. கேட்டதுக்கு பீரோ வெச்சு மறைச்சுக்கோங்கன்னு ஐடியா குடுத்தாரு.

இதெல்லாம் கூட கண்ணுக்கு வந்த கஷ்டம்னு விடலாம், சுவருக்கு பண்ணதுதான் தாங்க முடியல. ஹால் சுவரோட ஒரு ஓரம் பாத்ரூம ஒட்டி இருக்கு. ஒட்ட வந்த பையன், நல்ல பையன், கீழ கைய வெச்சு பாத்துட்டு "அக்கா இங்க ஓதம் இருக்கே, இது காயாம ஒட்டக்கூடாது"ன்னு அவனாவே சொன்னான். ஓனருக்கு போன் போட்டான். ஸ்பீக்கர்ல நானும் கேட்டுட்டுதான் இருக்கேன், "நம்ம மெட்டீரியல் வாட்டர்ப்ரூஃப்டா, ஒட்டு, நாளைக்கு வேற சைட் இருக்கு"ங்கறாரு. நான் வாங்கி பேசுனேன், எனக்கும் அதே வாட்டர்ப்ரூஃப் பதில்தான், கேரண்டி குடுக்கறோம்னு வேற வாய்ல சொன்னாரு.

வாட்டர்ப்ரூஃப்ங்கறது முன்பக்கம் தண்ணி பட்டா துடைச்சுக்கலாம்ங்கறதுக்கு. சுவருக்குள்ள இருந்து வர்ற ஈரத்துக்கு அதுவேதான் எமன், ஏன்னா மேல இருக்கற வினைல்ங்கற பிளாஸ்டிக் கோட்டிங் ஈரத்த வெளிய விடாது, உள்ளயே பசை கூட சேந்து ஊறும், அந்த பசைல ஸ்டார்ச் இருந்தா பூஞ்சைக்கு விருந்து. கொஞ்ச நாள்ல கீழ ஜாயின்ட் வாய் தொறந்துச்சு, அப்புறம் வாடை, அப்புறம் பிரிண்ட்டுக்கு மேலயே கருப்பு புள்ளி. காட்டுல நிஜமாவே ஏதோ வளருதுன்னு என் பையன் சிரிக்கறான், எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா அந்த சோபாலதான் வீஸிங் இருக்கற என் மாமியார் உக்காருவாங்க.

ஓதம் இருக்கான்னு பாக்க மெஷின் கூட வேணாம். ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட சதுரமா வெட்டி சுவர்ல நாலு பக்கமும் காத்து போகாம டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டு பாருங்க. சுவர் பக்கம் நீர் கோத்திருந்தா ஈரம் உள்ள இருந்து வருது, பைப்போ வெளிப்பூச்சோ எதுன்னு பாத்து சரி பண்ணாம எதையும் ஒட்டக்கூடாது. ரூம் பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா அது காத்துல இருக்கற ஈரம். புதுசா பூசுன சுவர்னா கேக்கவே வேணாம், சிமென்ட் பூச்சு ஒரு மாசமாவது காயணும், அப்புறம்தான் பட்டி, ப்ரைமர் எல்லாம். ப்ரைமர் அடிக்காம ஒட்டறவங்க கிட்ட இன்னொரு பிரச்சனை, கிழிக்கும்போது பட்டியும் சேந்து பேந்து வருது, எங்களுக்கு இப்ப அதான் நடக்குது. முறையா ஒட்டுன நான்-ஓவன் பேப்பர் (நெய்யாத துணி மாதிரி இருக்கற வால்பேப்பர் வகை) தண்ணி கூட இல்லாம முழு பட்டையா உரிஞ்சு வரும்னு இப்ப வந்து பாக்கற பெயின்டர் சொல்றாரு, எங்களோடது நகம் நகமா வருது.

ஆங், தூக்குக்குண்டு. முதல் பட்டைய தூக்குக்குண்டு விட்டு கோடு போட்டுதான் ஆரம்பிக்கணும், மூலைய நம்பி ஆரம்பிச்சா மூலை கோணலா இருந்தா மொத்தமும் கோணல். எங்க மரமெல்லாம் லேசா ஒரு பக்கமா சாஞ்சுதான் நிக்குது.

காச திருப்பி கேட்டதுக்கு கிடைச்ச பதில்களும் வரிசையா மாறுச்சு. முதல்ல வாட்டர்கலர் எஃபெக்ட், அப்புறம் நீங்கதானே மேடம் படத்த அப்ரூவ் பண்ணீங்க (டேப்லெட்ல தலையாட்டுனதுதான் அப்ரூவல்), அப்புறம் சுவர் உங்க சுவர் அதுல ஓதம் இருந்தா நாங்க பொறுப்பில்ல. கேரண்டின்னு சொன்னீங்களேன்னா அது மெட்டீரியலுக்காம். பில்ல எடுத்து பாத்தா "வால் டெக்கரேஷன் வேலை"ன்னு ஒரே ஒரு வரி, மெட்டீரியல் பேரும் இல்ல, லாட் நம்பரும் இல்ல, கேரண்டிங்கற வார்த்தையே இல்ல.

அதனால யார் வந்தாலும், எவ்ளோ தெரிஞ்சவங்க சொல்லி வந்தாலும், உங்க படத்துல இருந்து ரெண்டு அடிக்கு ரெண்டு அடி ஒரு துண்ட நிஜ சைஸ்ல, அதே மெட்டீரியல்ல பிரிண்ட் போட்டு கொண்டு வர சொல்லுங்க. மரமோ முகமோ, டீடெய்ல் அதிகமா இருக்கற எடமா நீங்களே காட்டுங்க, இல்லன்னா வானத்த பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வருவாங்க. அதுக்கு தனியா காசு கேட்டா குடுத்துருங்க, அந்த துண்ட சோபா கிட்ட வெச்சு பகல்ல ஒரு தடவ, ராத்திரி லைட் போட்டு ஒரு தடவ பாத்துட்டு அதுலயே ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் பேசுங்க. சாம்பிள்னு சொன்னதுமே "அதெல்லாம் பண்றதில்ல"ன்னா அனுப்பி வெச்சிருங்க. ரோல்னா பிரிக்கறதுக்கு முன்னாடி எல்லா லேபிளையும் ஒண்ணா வெச்சு போட்டோ எடுங்க, மிச்ச துண்ட அவங்க எடுத்துட்டு போக விடாதீங்க.

கடைசியா அவர்கிட்ட இருந்து வந்தது ஒரு வாய்ஸ் மெசேஜ். பழச உரிக்கவே வேணாமாம், அதுக்கு மேலயே பிவிசி பேனல் அடிச்சு மூடிடலாமாம், பழைய கஸ்டமர்ங்கறதால டிஸ்கவுண்ட்டும் உண்டாம். ஓதம் அப்படியே, பூஞ்சை அப்படியே, அதுக்கு மேல இன்னொரு பிளாஸ்டிக். பதில் போடல, அந்த மெசேஜ மட்டும் அழிக்காம வெச்சிருக்கேன், புகார் எழுதறப்ப தேவைப்படும்.