லெ மோர்னில் பழைய ஃபாயில் செட் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மொரீஷியஸில் குளிர்காலம் வந்தால் தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். லெ மோர்ன் கரை கைட்டுகளால் நிறையும் (போர்டு மேல் நிற்பவரைக் கடலில் இழுத்துப் போகும் பெரிய பட்டம்தான் கைட்), கூடவே பழைய சாமான் விற்பவர்களும் வந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் 85,000 மொரீஷியஸ் ரூபாய் வாங்கிக்கொண்டு, கடலில் இறக்கவே கூடாத ஒரு செட்டைத் தலையில் கட்டினார். இந்த சீசனிலும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றுகிறார் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். குவாத்ர் போர்ன், ரோஸ் ஹில் பக்கத்து நம் ஆட்கள் சிலர் சாதாரண கைட் போர்டிலிருந்து ஃபாயிலுக்கு மாற நினைக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

ஃபாயில் என்பது போர்டுக்கு அடியில் நிற்கும் ஒரு தூண். அதை மாஸ்ட் என்கிறோம். அதன் நுனியில் தண்ணீருக்குள் ஓடும் ஒரு முன் இறக்கையும் சின்னதாக ஒரு பின் இறக்கையும் இருக்கும். வேகம் பிடித்ததும் போர்டு தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். எவ்வளவு வேகத்தில் எழும்பும் என்பதை முக்கியமாக முன் இறக்கையின் பரப்பளவுதான் முடிவு செய்கிறது. அதே எடைக்கு இறக்கையின் பரப்பு பாதியானால், எழும்பத் தேவையான வேகம் சுமார் 1.4 மடங்காகும். புதிதாகக் கற்பவருக்குப் பெரிய இறக்கை வேண்டும் என்பது இதனால்தான்.

என் எடை 82 கிலோ, ஃபாயில் எனக்குப் புதிது, ரீஃப் என்ற பவளத் தடுப்புக்கு உட்பக்கம் இருக்கும் ஆழமில்லாத லகூனுக்குள்ளேயே ஓட்டப் போகிறேன் என்று அவரிடம் முதலிலேயே சொன்னேன். என்னிடமிருந்த பழைய சர்ஃப் போர்டையே ஃபாயிலுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தர முடியுமா என்றும் கேட்டேன். தாராளமாக என்றார், மாற்றியும் கொடுத்தார். அவர் கொடுத்தது ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான மாஸ்ட், ஒல்லியான கறுப்பு இறக்கை. ஒலிம்பிக்கில் ஓடும் வகை இது என்று பெருமையாகச் சொன்னார். அது உண்மைதான். 2024 ஒலிம்பிக்கில் கைட் ஃபாயில் பந்தயம் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டு மார்செய் கடலில் நடந்தது. ஆனால் அந்தச் சாமான் ஆழமான திறந்த கடலில், முழு வேகத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட்டும் கைதேர்ந்தவர்களுக்கானது. லெ மோர்ன் லகூனில் பல இடங்களில் தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் நிற்கும், கீழே பவளம். ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவுதான் என்றாலும், கடல் வற்றிய நேரத்தில் அந்த அரை மீட்டர் பெரிய விஷயம். அங்கே 70, 75 சென்டிமீட்டர் மாஸ்டையே பார்த்துப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

இறக்கையின் பரப்பை அவரிடம் கேட்டபோது, அதன் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். 1,200 சதுர சென்டிமீட்டர் என்று இருந்தது. அந்த ஸ்டிக்கரே பொய்.

முதல் நாளே போர்டு எழும்பவில்லை. காற்று கூடிய ஒரு நாளில்தான் ஒருவழியாக எழும்பியது. கொஞ்ச தூரம் போயிருப்பேன், காலுக்கடியில் சடசடவென்று ஒரு சத்தம். போர்டின் அடியில் மாஸ்டைப் பிடித்திருக்கும் ட்ராக்குகளில் ஒன்று வேரோடு பிய்ந்து வந்துவிட்டது. மறு ட்ராக்கில் ஃபாயில் தொங்கியது. நான் நின்ற இடம் ரீஃபின் திறப்புக்குப் பக்கம். அங்கே நீரோட்டம் ஆளை வெளிக்கடலுக்கு இழுத்துப் போகும். கைட் காற்றில் நின்றதால், அதைப் பிடித்துக்கொண்டு உடம்பாலேயே இழுபட்டுக் கரைக்கு வந்தேன். கைட்டும் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

போர்டை ரிவியேர் நுவாரில் படகும் போர்டும் பழுது பார்க்கும் ஓர் அண்ணனிடம் கொண்டு போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், கோயில் வகுப்பில் தமிழ் படித்தவர். ட்ராக் பிய்ந்த குழிக்குள் கட்டைவிரலை விட்டுச் சுரண்டினார். வெள்ளை வெள்ளையாக மணி மணியாக நுரை உதிர்ந்தது. நம் ஊரில் தெர்மோகோல் என்போமே, அதே சாமான்தான். “தம்பி, உள்ளே ஒண்ணுமே வைக்கலையே. சும்மா குழி வெட்டி, ரெசின் ஊத்தி, மேலே பெயிண்ட் அடிச்சிருக்கான்” என்றார்.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும் அண்ணே என்று கேட்டேன். பொதுவாக இந்த இரண்டு ட்ராக்குகளுக்கும் நடுவே 90 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அவை உட்காரும் இடத்தில் இருக்கும் லேசான நுரையை அடியிலிருந்து மேல்தட்டு வரை வெட்டி எடுத்துவிட்டு, அடர்த்தியான நுரைக் கட்டையைப் பதிக்க வேண்டும். அடியிலும் மேலேயும் கண்ணாடி இழைத் துணி போட்டு மூட வேண்டும். அப்போதுதான் விசை போர்டு முழுக்கப் பரவும். மாஸ்ட் நீளமாக நீளமாக அடியில் விழும் நெம்பு விசையும் கூடும். அதனால், இருப்பதிலேயே நீளமான மாஸ்டை இருப்பதிலேயே பலவீனமான அடித்தளத்தில் மாட்டி, 82 கிலோ ஆளைக் கடலுக்கு அனுப்பியது சாதாரணத் தப்பு இல்லை.

அப்புறம் இறக்கைக்கு வந்தார். அதைச் செய்தித்தாள் மேல் வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து, ஸ்கேலால் அளந்தோம். நுனிக்கு நுனி 70 சென்டிமீட்டர், சராசரி அகலம் 9. பெருக்கினால் 630. ஸ்டிக்கரை உரித்தால், கம்பெனி அச்சடித்த எண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம் பளிச்சென்று தெரிந்தது. இதற்குப் பிறகும் தெரியாமல் நடந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

மாஸ்டுக்கும் இறக்கைக்கும் நடுவில் இருந்த ஸ்குரூக்கள் அசையவே இல்லை. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவை, அதற்கான பசை தடவாமல் முறுக்கி உப்புத் தண்ணீரில் விட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இறுகிவிடும். அதையும் பெயிண்டால் மறைத்திருந்தார். கூடவே இலவசம் என்று கொடுத்த பாரில், அதாவது கைட்டைக் கையால் பிடித்து ஓட்டும் தண்டில், அவசரத்துக்குக் கைட்டைக் கழற்றிவிடும் விடுப்பான் மணல் ஏறி இறுகி, இரண்டு கையாலும் இழுத்தால்தான் திறந்தது. இந்த விடுப்பானுக்கென்றே 2020-இல் ஐஎஸ்ஓ 21853 என்று ஒரு தரம் வந்திருக்கிறது. பழைய பார் வாங்கினால், கைட்டின் இழுப்பு இருக்கும்போதே ஒரு கையால் திறக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். பாரிலிருந்து கைட்டுக்குப் போகும் கயிறுகள் நான்கையும் ஒரு கம்பத்தில் மாட்டி, பாரை இழுத்துச் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நாளானால் முன் கயிறுகள்தான் அதிகம் நீளும். அப்போது கைட் பின்பக்கமாகச் சரிந்து விழும்.

ஃபாயில் வாங்குகிறவர்கள் விற்பவரை வைத்தே ஸ்குரூக்களைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அங்கேயே கிளம்பிவிடலாம். எழுபது எண்பது கிலோ ஆளுக்கு, கற்கும் காலத்தில் 1,200 சதுர சென்டிமீட்டர் அளவில் இறக்கை இருந்தால் நல்லது. ஸ்டிக்கரை நம்பாமல் செய்தித்தாளும் ஸ்கேலும் கையோடு கொண்டு போங்கள். மாற்றிக் கட்டிய போர்டு என்றால், வேலை நடக்கும்போது எடுத்த படம் கேளுங்கள். நேர்மையாக வேலை செய்கிறவரிடம் அந்தப் படம் இருக்கும். ரிவியேர் நுவார் அண்ணன் என் போர்டை மறுபடி கட்டியபோது, நான் கேட்காமலே ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து அனுப்பினார்.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கடல் சாமானுக்கு கேரண்டி கிடையாது என்றார், அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. வாங்கிய அன்றே கேட்ட ரசீதை நாளை தருகிறேன் என்றவர் கடைசி வரை தரவில்லை. வங்கி வழியாக அனுப்பிய பணத்துக்கான பதிவும், எடை முதல் லகூன் வரை நான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிய மெசேஜும் இருப்பதால், நுகர்வோர் விவகாரப் பிரிவில் மனு கொடுத்திருக்கிறேன். நான் பவளத்தில் மோதி உடைத்துவிட்டேன் என்று அவர் இப்போது கரையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மாஸ்டிலும் இறக்கையிலும் ஒரு கீறல்கூட இல்லை. படங்கள் இருக்கின்றன. அவரிடம் வாங்கப் போகிறவர் யார் கேட்டாலும் காட்டுகிறேன்.