மதுரை வெயிலும் கரண்ட் பில்லும்: கையில் இருக்கிற காசை முதலில் எதில் போடுவது?

வில்லாபுரத்தில் எங்களுக்கு மேல்மாடி வீடு. கத்திரி வெயில் சமயத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கும் கட்டில் விரிப்பு சூடாகவே இருக்கும். பகல் பூராவும் வெயில் குடித்த கான்கிரீட், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கத் தொடங்கும். ஃபேன் போட்டால் அந்த அனலே தலையில் கொட்டும். சாயங்காலம் அம்மா மொட்டை மாடியில் நாலு வாளி தண்ணி ஊற்றுவார். ஊற்றிய ஈரம் அவர் கீழே இறங்கி வருவதற்குள் காய்ந்திருக்கும்.

நாங்களும் முதலில் ஏசிதான் வாங்கினோம். ஒன்றரை டன், ஐந்து ஸ்டார். "பில் ஏறவே ஏறாது சார்" என்று கடையில் சொன்னார்கள். ஆனால் ராத்திரி ஒரு மணி தாண்டியும் வெளியில் இருக்கிற யூனிட் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கோடையில் இரண்டு மாத ரீடிங் 560 யூனிட்.

560 என்பது ஏன் வலிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மற்ற கணக்கெல்லாம் பிடிபடும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. இங்கே சொல்கிற கணக்கெல்லாம் 2024 ஜூலையில் ஏறிய கட்டணப்படி. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய் அதுவும் 4.70 ஆகிவிடும், தாண்டிய யூனிட்டுக்கு 8.40 விழும். 500-இல் நின்றிருந்தால் 1,805 ரூபாய். 560 ஓடியதால் 2,544. கூடுதலாக ஓடிய 60 யூனிட்டுக்கு 739 ரூபாய், அதாவது யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கும் மேல்! ஆகவே எந்தச் சாமான் வாங்கினாலும், நம் வீட்டு ரீடிங்கை அது 500-க்குக் கீழே இறக்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த வருடம் பங்குனியில் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பாதி அடித்ததும் கரைத்த சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் ஏறி, ஒரு காலை வெள்ளையிலும் ஒரு காலைப் பழைய தளத்திலும் வைத்துப் பார்த்தேன். பழைய பக்கத்துக் காலை இரண்டு விநாடிக்குமேல் வைக்க முடியவில்லை. வெள்ளைப் பக்கத்தில் சும்மா நிற்க முடிந்தது. ஒரே வெயில், ஒரே கான்கிரீட். வெள்ளைத் தளம் வருகிற வெயிலில் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது.

மாடிக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று அப்போதுதான் ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தேன்.

செலவு குறைந்தது சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பை முதல்நாள் ராத்திரியே நீற்ற வைத்து, வடிகட்டி, ஃபெவிகால் கலந்து, அதிகாலையில் அடிக்க வேண்டும். வெயிலேறிய தளத்தில் அடித்தால் உடனே காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். குறை என்னவென்றால் ஐப்பசி அடைமழைக்கு நிற்காது. எங்களுக்கு அடித்துக் கொடுத்தவரே சொன்னார்: "அண்ணே, இது வருசா வருசம் அடிக்கிற வேலை. ஒரு தடவை அடிச்சிட்டு ரெண்டு வருசம் வரும்னு நினைக்காதீங்க." நடந்தால் பாதமெல்லாம் வெள்ளை ஒட்டும். வடகம் காயப்போட அம்மா இப்போது அடியில் பழைய சாக்கு விரித்துத்தான் துணி போடுகிறார்.

கூல் ரூஃப் பெயிண்ட் அதே வேலையைச் செய்யும், சில வருடம் தாங்கும், விலைதான் பல மடங்கு. விரிசலை அடைக்காமல் மேலே பூசினால் மழைத்தண்ணி உள்ளே புகுந்து பெயிண்ட் கொப்பளித்து உரிந்துவிடும். எதை அடித்தாலும் மாதத்துக்கு ஒருமுறை தூசி கூட்டிவிட வேண்டும். அழுக்கேறிய வெள்ளை பாதி வேலைதான் செய்யும்.

தட்டோடு, அதாவது மாடித் தளத்தில் பதிக்கிற தட்டையான சுட்ட மண் ஓடு, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய வீடுகளில் தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டுக் கலந்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய கனமான தளம் ஒன்று இருக்கும். குளிர்ச்சி அந்த ஜல்லித் தளத்தால் வந்தது. இப்போது அதை விட்டுவிட்டு, கான்கிரீட்டின்மேல் நேராக சிமெண்ட் கலவை போட்டு ஓட்டை மட்டும் பதித்துவிட்டு "கூலிங்" என்கிறார்கள். சிவப்பு ஓடு வெயிலை வாங்கத்தான் செய்யும். மாடி ஒழுகுகிறது, தண்ணி ஓடுகிற வாட்டம் சரியில்லை என்றால் தட்டோடு போடுங்கள், அதற்கு அது அருமையான வைத்தியம். சூட்டுக்காக மட்டும் என்றால் நான் போட மாட்டேன். ஏற்கெனவே தட்டோடு இருந்தால் அதன் மேலேயே வெள்ளை அடித்துக்கொள்ளலாம்.

கையில் காசு இருந்து ஒரே தடவையில் முடிக்க நினைத்தால் வெள்ளை டைல்ஸ். கடைகளில் உடைந்த வெள்ளை டைல்ஸ் சல்லிசாகக் கிடைக்கும், பதிக்கிற கூலிதான் பெரிய செலவு. துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். மழையில் வழுக்கும் என்பதால் வயதானவர்கள் துணி காயப்போடப் போகிற மாடியில் சொரசொரப்பான டைல்ஸாகப் பார்த்துப் போடுங்கள்.

குளிர்ச்சியில் எல்லாவற்றையும் விஞ்சுவது கிடுகுப் பந்தல்தான், தளத்தில் வெயிலே படாது. ஆனால் ஆடிக் காற்று அதைத் தூக்கிப் போட்டுவிடும். தீபாவளி வெடிக்குப் பயந்து ஒரு வாரம் தூக்கம் கெடும். நெருக்கமான தெருவில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

கீழ்வீட்டில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் தேவையில்லை, மாடி வீடே அவர்களுக்குக் குடை. அவர்கள் நேராக ஃபேனுக்கு வந்துவிடலாம்.

சாதா சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத மோட்டாரும் எலக்ட்ரானிக் போர்டும் உள்ளது, 30 வாட் பக்கம்தான் இழுக்கும். ஒரு ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் சுற்றினால், இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு 120. 560 ஓடிய எங்கள் மாதிரி வீடு 440-க்கு இறங்கும், பில் 2,544-லிருந்து 1,427 ஆகும். போட்ட காசை இவ்வளவு வேகமாகத் திருப்பித் தருகிற சாமான் வீட்டில் அபூர்வம். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். ஒரு சங்கடம் உண்டு. சாதா ஃபேன் எரிந்தால் தெருமுனைக் கடையில் காயில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இதில் போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஏசியில் மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா? ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1,600 மணி நேரம் ஓடினால் என்ற கணக்கில். கோடை மூன்று மாதம், ராத்திரி எட்டு மணி நேரம் மட்டும் போடுகிற வீட்டில் அது 720 மணி நேரம்தான் ஓடும். ஐந்து ஸ்டாருக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு திரும்பி வர அவ்வளவுக்கவ்வளவு தாமதமாகும். வருடம் பூராவும் போடுபவர்களுக்கு ஐந்து ஸ்டார் சரி. மற்றவர்கள் மூன்று ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுகிற ரகம்) வாங்கி, மிச்சக் காசில் மாடிக்கு வெள்ளை அடித்து, ஏசியை 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடலாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது.

சோலாரைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மதுரை வெயிலுக்கு 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 700 யூனிட் பக்கம். பேனல் நிழல் விழுகிற இடத்தில் தளமும் அவ்வளவு சூடாகாது. இரண்டு ஏசி, போர் மோட்டார், 800 யூனிட் என்று ஓடுகிற சொந்த வீட்டுக்காரர்கள் தயங்காமல் போடலாம். 300 யூனிட் ஓடுகிற வீட்டில் பில்லே 705 ரூபாய்தான், அங்கே போட்ட முதல் எத்தனை வருடத்தில் திரும்பும்? பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் விழுகிற மாடிக்கும் வேண்டாம்.

திருப்பாலையில் அக்கா வீடும் மேல்மாடிதான், அதுவும் வாடகை வீடு. "ஏசி வாங்கலாமாடா தம்பி?" என்று கேட்டாள். முதலில் ஃபேன் இரண்டையும் மாற்று, காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்றேன். மாடிக்கு வெள்ளை அடிக்க வீட்டுக்காரரிடம் அத்தான் கேட்டதற்கு, சுண்ணாம்பு என் செலவு, கூலி உங்கள் செலவு என்று சொல்லிவிட்டார். பங்குனி பிறந்ததும் நானும் ஒரு கை பிடிக்கப் போகிறேன்.