டிரயம்ஃப் டி.ஆர்.7 ஸ்பிரிண்ட்: விலைப்பட்டியலில் ஏறாத காரும் நானும்

1977-ஆம் ஆண்டில் லிவர்பூலை அடுத்த ஸ்பீக் தொழிற்சாலையில் அறுபதை ஒட்டிய எண்ணிக்கையில் டிரயம்ஃப் நிறுவனத்தின் டி.ஆர்.7 ஸ்போர்ட்ஸ் கார்கள் வழக்கத்துக்கு மாறான எஞ்சினோடு கட்டப்பட்டன. சாதாரண டி.ஆர்.7-இல் 105 குதிரைத்திறன் தரும் எட்டு வால்வு எஞ்சின் இருந்தது. இவற்றிலோ அதே நிறுவனத்தின் டாலமைட் ஸ்பிரிண்ட் காருக்காக உருவான, 127 குதிரைத்திறன் தரும் 16 வால்வு எஞ்சின் பொருத்தப்பட்டது. 1976 முதல் ராலிப் பந்தயங்களில் ஓடிய டி.ஆர்.7 கார்களில் 16 வால்வு எஞ்சினே இருந்ததால், சாலையில் ஓட்டவும் அப்படியொரு கார் வரும் என்று பலர் நம்பியிருந்தார்கள். ஆனால் 1977 நவம்பரில் ஸ்பீக்கில் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த ஆண்டு வரை நீண்டது. 1978-இல் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டு, தயாரிப்பு கவன்ட்ரியின் கேன்லிக்கு மாறியது. அந்தக் குழப்பத்தில் ஸ்பிரிண்ட் திட்டம் கைவிடப்பட, கட்டி முடித்திருந்த கார்கள் ஒவ்வொன்றாகத் தனியார் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எஞ்சியிருக்கும் அத்தகைய முன்மாதிரி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். காட்சிப் பொருளாக நிறுத்தி வைக்காமல், ஓட்டுவதற்காகவே வைத்திருக்கிறேன்.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் காரின் பெருமையும் தலைவலியும் அதில்தான் இருக்கின்றன. 1,998 சிசி கொள்ளளவுள்ள இந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், பானெட்டுக்கு அடியில் ஒரு பக்கமாக 45 பாகை சாய்ந்து படுத்திருக்கும். எட்டே மேடுகள் கொண்ட ஒற்றை கேம்ஷாஃப்ட் பதினாறு வால்வுகளையும் இயக்குகிறது: ஒவ்வொரு மேடும் உள்வாங்கும் வால்வை நேரடியாக அழுத்திவிட்டு, அதே சுற்றில் ராக்கர் என்ற நெம்புகோல் வழியாக எதிர்ப்பக்கத்து வெளியேற்றும் வால்வையும் திறக்கிறது. இந்தச் சிக்கனமான ஏற்பாட்டுக்காகவே டாலமைட் ஸ்பிரிண்ட் 1974-இல் பிரிட்டிஷ் டிசைன் கவுன்சிலின் விருதைப் பெற்றது. ஓட்டும்போது இதன் பலன் நன்றாகவே தெரியும். எட்டு வால்வு டி.ஆர்.7 மூச்சு வாங்கத் தொடங்கும் நிமிடத்துக்கு 4,500 சுழற்சியில் இந்தக் கார் அப்போதுதான் விழித்துக்கொண்டதுபோல் பாயும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களும் சரியாக இசைந்திருந்தால் 6,000 வரை தயக்கமே இருக்காது. ரோவர் எஸ்.டி.1 காரோடு பகிர்ந்துகொண்ட ஐந்து வேக கியர்பாக்ஸ் வலுவானதுதான், ஆனால் குளிர்காலக் காலைகளில் எண்ணெய் சூடாகும் வரை இரண்டாவது கியர் விழ மறுக்கும். அதை வற்புறுத்தாமல் முதல் சில நிமிடங்களை ஆற அமர ஓட்டுவதே நல்லது. பிரேக்கோ இந்த எஞ்சினின் வேகத்துக்கு ஈடாக இல்லை.

சூடேறுவதுதான் உண்மையான கவலை. தண்ணீர் பம்ப் எஞ்சினின் மேற்பகுதியில் அமைந்திருப்பதால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். கூலன்ட்டின் ஓட்டம் நின்றபின், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் அலுமினிய ஹெட் வளைய அதிக நேரம் ஆகாது. ஆகவே ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும், எஞ்சின் ஆறியிருக்கும்போதே, மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுகிறேன். வெப்பமானியின் முள்ளை மட்டும் நம்புவதில்லை. ஹெட்டைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் மெக்கானிக்கின் பொறுமை சோதிக்கப்படும். அதைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் எனும் தலையில்லாத திருகாணிகள் ஒரு கோணத்திலும் போல்ட்டுகள் வேறொரு கோணத்திலும் நிற்கின்றன. எஃகு ஸ்டட்டுகள் அலுமினியத்தோடு துருவேறி ஒட்டிக்கொண்டால், ஹெட் மேலேயும் வராது, பக்கவாட்டிலும் நகராது. அதனால் கூலன்ட்டில் துருத் தடுப்பான் சரியான அளவில் இருப்பதும், அதைக் காலம் தவறாமல் மாற்றுவதும் மற்ற எல்லாப் பராமரிப்புக்கும் முந்தியவை. ஸ்பார்க் பிளக்குகள் ஹெட்டின் நடுவே ஆழமான குழாய்களுக்குள் இறங்கியிருக்கின்றன. குழாயின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் எண்ணெய் கசிந்து உள்ளே தேங்கும், பிளக்கைக் கழற்றியதும் அது நேரே சிலிண்டருக்குள் வடியும். நான் பிளக்கைத் தொடுவதற்கு முன் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, தேங்கியதைத் துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்துவிடுவது வழக்கம்.

உதிரிப் பாகங்களைப் பொறுத்தவரை அறுபது கார்களில் ஒன்று என்பதால் திண்டாட வேண்டியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினுக்கு அப்படியில்லை: டாலமைட் ஸ்பிரிண்ட் ஏறத்தாழ 23,000 கார்கள் விற்றது, அதன் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இதே வசதிதான் வேறொரு சிக்கலையும் உண்டாக்கியிருக்கிறது. பழைய டாலமைட்டின் எஞ்சினை எடுத்துச் சாதாரண டி.ஆர்.7-இல் பொருத்துவது இங்கிலாந்தில் ஆர்வலர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. அப்படி மாற்றிய கார்களை நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கவனமாகக் கட்டப்பட்ட ஒன்றுக்கும் என்னுடையதற்கும் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும்போது வேறுபாடு சொல்ல என்னால் முடியவில்லை. அசல் காருக்குத் தரும் கூடுதல் விலை ஓட்டும் இன்பத்துக்கானது இல்லை, ஆவணத்துக்கானது. வார்விக்‌ஷயரின் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் வழங்குகிறது. கார் எந்த எஞ்சினோடு கட்டப்பட்டது என்ற கேள்விக்கு, பளபளக்கும் பெயின்ட்டையும் விற்பவரின் வாய்மொழியையும் விட அந்த ஒரு தாளே மேலான சாட்சி.

முன்மாதிரி என்பதால் மனத்தடையும் வந்துவிடுகிறது. சாதாரண டி.ஆர்.7 என்றால் பெரிய பிரேக், மின்விசிறி, மின்னணு இக்னிஷன் என்று மாற்றிக்கொண்டே போகலாம். இதில் துளை போடாமல் பொருத்தி, தடமில்லாமல் கழற்றக்கூடிய மாற்றங்களை மட்டுமே அனுமதித்திருக்கிறேன். கழற்றிய அசல் பாகங்கள் பெயர் எழுதிய பெட்டிகளில் இருக்கின்றன. எழும்பும் முகப்பு விளக்குகளில் ஒன்று ஈரமான நாட்களில் பாதியில் நின்றுவிடும். மோட்டாரிலுள்ள திருகுமுனையைக் கையால் சுற்றி மேலேற்ற வேண்டும். அது எரிச்சலூட்டினாலும் மோட்டாரை மாற்றவில்லை.

பாடியில் துரு முதலில் தேடி வருவது முன்சக்கர சஸ்பென்ஷனின் மேற்கிண்ணங்களையும், பக்கவாட்டு அடிச்சட்டங்களையும்தான். நாற்பது வயதைக் கடந்த கார்களுக்குப் பிரிட்டனில் சாலை வரியும் இல்லை, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் நான் சோதனைக்கு விடுகிறேன், காரணம் இந்தக் கிண்ணங்கள்தான். 2021 செப்டம்பரில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இயல்பானதாகிவிட்டபின், பழைய ரப்பர் எரிபொருள் குழாய்கள் முழுவதையும் மாற்றி, எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோலையே போடுகிறேன்.

இப்படியொரு கார் விற்பனைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்படுபவர்கள் முதலில் பதிவேட்டுச் சான்றிதழைக் கேட்க வேண்டும், அடுத்து முன்சக்கரக் கிண்ணங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும், எஞ்சினைக் கிளப்புவது மூன்றாவதாக இருக்கட்டும். சான்றிதழ் இல்லையென்றால், எஞ்சின் மாற்றிய டி.ஆர்.7-க்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு பவுண்டும் கொடுக்க வேண்டியதில்லை.