மேலிருந்து கட்டுவதா, மெசினில் ஏறி ஓட்டுவதா?

கிளிநொச்சியில் பங்குனி வெயில் தகரக் கூரையைச் சுடும்போது பனிச்சறுக்கு விடுதி நடத்த ஆசைப்படுவது கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் அப்படி விடுதி நடத்துகிற இரண்டு கணினி கேம்களை மாறி மாறி விளையாடிப் பார்த்தேன்.

‘ஸ்னோடோபியா’ முதலில் 2021இல் வந்தது. மலையை மேலிருந்து பார்த்து, ஆட்களை மேலே ஏற்றும் லிப்டுக்குக் கம்பங்களை நட்டு, சறுக்குப் பாதைகளை வரைந்தால் சரி, ஆட்கள் தாங்களாகவே வருவார்கள். லிப்டுக்கு வரிசை நீண்டால் இன்னொரு லிப்ட். ஒரே பாதையில் நெரிந்தால் கூட்டத்தைப் பிரித்துவிட வேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணியை வாய்க்கால்களுக்குப் பங்கிடுகிற மாதிரித்தான். அவசரமே இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாய் வந்தும் தொடரலாம்.

‘வின்டர் ரிசோர்ட் சிமுலேட்டர்’ வேறு ரகம். முதற்பாகம் 2019, இரண்டாவது 2020. இதில் நாங்களே பிஸ்டன்புல்லி என்கிற பனி மெசினில் ஏறி, முன்தகட்டால் பனியைத் தள்ளிப் பாதையை மட்டப்படுத்துகிறோம். லிப்டை இயக்குவதும் எங்கள் பாடு. உழவு மெசின் பிடித்த என் மச்சானுக்குக் கை உடனே பழகிவிட்டது, விடியும்வரை எழும்பவில்லை. எனக்கோ இரண்டாம் நாளே அலுத்தது. வேலை முடிந்து வந்து திரும்பவும் வேலையா?

என் தெரிவு ஸ்னோடோபியாதான். மெசின் பைத்தியங்கள் மற்றதை எடுங்கோ. பழைய மடிக்கணினி என்றால் பக்கத்தில் ஒரு ஃபானையும் வையுங்கோ.